மூடிக்கு அடியில்

கச்சேரி வாசலுக்கு எதிரே
ஒரு கதவு அகலக் கடை.
முதல் நாள், முதல் ஆள்:
"ரெண்டு போட்டோக்கொப்பி."
"ஜெராக்ஸா?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
"பிள்ளை இந்தியாவோ?"

முப்பத்தொரு வருடம்
கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்து
மளிகைக் கடையில், ஆஸ்பத்திரியில்,
எங்கே வாய் திறந்தாலும்
"சிலோனா?" என்றார்கள்.
அதே நாக்குத்தான்.
கடல்கூடப் பக்கம் மாறவில்லை,
இங்கேயும் கிழக்கில்தான் கிடக்கிறது.

கடைக்காரி ஜெசீமா ராத்தா
சம்பளக் கொப்பியில் கோடு இழுத்திருக்கிறா.
பெயர், திகதி, காசு, ஒப்பம்,
அடையாள அட்டை இலக்கம்.
கடைசிக் கட்டத்தில் பென்சிலால்
ஒரு புள்ளி மட்டும் வைத்தா.
"அட்டை வரட்டும் தங்கச்சி,
பேனையால எழுதுவம்."

வங்கிக் கணக்குக்கு அட்டை வேணும்.
சிம்முக்கு அட்டை வேணும்.
அட்டைக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேணும்.
அது கொழும்பில்
ஏதோ ஒரு மேசையில்
கோப்புக்குக் கீழே கோப்பாக இருக்கிறதாம்.
"அடுத்த மாதம்" என்று கிராம சேவகர் சொல்லி
மூன்று மாதம்.
அவர் தந்த கடிதத்தில்
என் படத்தின் மேல் பாதி முத்திரை.
மூக்கு வரைக்கும் நான் அரசாங்கம்.

நாளுக்கு நூறு அட்டை என் கையால் போகிறது.
முன்பக்கம், பின்பக்கம், திருப்பி வை, பச்சைப் பொத்தான்.
எந்தப் படத்தில் கோட்டு ஸ்டூடியோக்காரனுடையது,
எந்தப் படத்தில் அழுதுவிட்டு வந்து இருந்தார்கள்,
இப்போது பார்த்தவுடன் தெரியும்.
மற்றவர்களுடைய இலக்கங்கள்
நித்திரையிலும் வரிசையாக வருகின்றன.

மத்தியானம் மான் வரும்.
இந்த ஊர் மான்களுக்கு
ஆட்டோக்காரரிடமும் பயமில்லை.
பிழைத்த கொப்பிகளைப் பெட்டியோடு வெளியே வைத்தால்
சூடு ஆறுமுன் தின்னும்.
தம்பலகாமத்து ஆள் ஒருவரின் முகத்தை
நெற்றியில் இருந்து மென்றுகொண்டே
என்னைப் பார்த்தது ஒன்று.
சிரிப்பு வந்தது.
பிறகு போய்ப் பெட்டியை உள்ளே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை, பூட்டுகிற நேரம்,
மெஷின் மூடியைத் தூக்கினால்
கண்ணாடியில் குப்புறக் கிடந்தது ஒரு அட்டை.
ராத்தா லாச்சித் திறப்போடு போய்விட்டா.
திருப்பிப் பார்த்தேன்.
மூதூர்க்காரி. என் வயதுதான்.
தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு.
பிறந்த இடத்துக்கு ஒரே ஒரு சொல்.
எனக்கென்றால்
முகாம், தாலுகா, மாவட்டம் என்று
வரி போதாமல் விளிம்பில் ஏறி எழுதவேண்டும்.

அலஸ்தோட்டம் பஸ்ஸில்
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தேன்.
முதல் தடவையாக
ஒரு அட்டையோடு இந்த ஊரில் போகிறேன்.
பார்த்து யாரும் கேட்கவில்லை.

இரவு சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தேன்.
எறும்பு ஏறும் என்று எடுத்து
அரிசி வாளிக்குள் வைத்தேன்.
கரண்ட் போனபோது
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
இருந்தாள்.

விடிய, கடை திறக்கமுதலே
படியில் நின்றாள்.
முதல் பஸ்ஸில் வந்த கண்.
படத்தில் இருந்ததைவிட மெலிவு.
அட்டையை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.
துடைக்க அதில் ஒன்றும் இல்லை,
இரண்டு மூன்று அரிசித் தவிட்டுத் தூளைத் தவிர.
அதைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"உங்கட பேர் என்ன?" என்றாள்.

"மேகலா."

"மேகலா" என்று
தானும் ஒருக்காச் சொல்லிப் பார்த்தாள்.
முதலெழுத்து என்னவென்று கேட்கவில்லை.
சரி, வாறன் என்று
கச்சேரிப் பக்கம் ரோட்டைக் கடந்தாள்.

மெஷின் சூடேற
இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.